அண்ணனுக்குப் பதினைந்து புள்ளிகள்

கனடாவில் நிரந்தரமாகக் குடியேற விண்ணப்பிக்கிறவருக்கு அங்கே அம்மா அப்பா இருந்தால் ஒரு புள்ளியும் கிடையாது. அண்ணன் தம்பி, அக்கா தங்கை இருந்தால் பதினைந்து. இந்தக் கணக்கைப் போட்டவர் யாரென்று தெரிந்தால் அவரைப் பிடித்து இரண்டு கேள்வி கேட்கவேண்டும் என்று எனக்கும் மணிமாறனுக்கும் நெடுநாள் ஆசை.

மணிமாறன் அருப்புக்கோட்டைக்காரன், என்னைவிட நான்கு வயது இளையவன். ஷார்ஜாவில் ஒரே ஆய்வுகூடத்தில் இருவரும் முனைவர் பட்டத்துக்குப் படித்தோம். கடல்நீரிலிருந்து உப்பைப் பிரிக்கும் சவ்வுகள்தான் எங்கள் ஆராய்ச்சி. அது ஊருக்குச் சொல்லிக்கொள்ள. உண்மையில் நாங்கள் ஆராய்ந்தது எங்கள் புள்ளிகளைத்தான். பட்டத்துக்கு இவ்வளவு, ஆங்கிலத்துக்கு இவ்வளவு, கணவரின் படிப்புக்கு இவ்வளவு என்று கடக் என்கிற கெட்டித் தேநீர் ஆறிப்போகும்வரை கூட்டிக் கழித்துக்கொண்டிருப்போம். முப்பது தாண்டினால் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஐந்து புள்ளி போய்விடும். எனக்கு முப்பத்துமூன்று பிறந்த அன்று ஆய்வுகூடத்தில் எல்லோரும் சேர்ந்து கேக் வாங்கி வந்தார்கள். கத்தியை என் கையில் கொடுத்துவிட்டு மணிமாறன், அக்கா, நீங்க வெட்டுறது கேக் இல்ல, அஞ்சு புள்ளி என்றான். சிரித்தேன். பிறகு கழிவறைக்குப் போய் அழுதேன்.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. இந்த நாட்டில் எத்தனை வருடமும் வாழலாம், எங்களைப் போன்றவர்கள் தங்கிவிட முடியாது. ஆய்வேட்டைக் கொடுத்து முடித்தால் பல்கலைக்கழகம் என் விசாவைக் கேன்சல் செய்துவிடும். என் கணவர் துவாரகன் கணக்கெழுதிய கம்பெனி வருட முடிவில் ஷார்ஜாக் கிளையை மூடப்போவதாகச் சொல்லிவிட்டது. ஷார்ஜாவின் முவைலாப் பகுதியில் ஒரு மலையாளக் குடும்பத்தோடு பங்கு போட்ட வீட்டில் எங்களுக்கு ஒரு அறை. பிள்ளை பெறுவதைக்கூட ‘கனடாவுக்குப் போய்’ என்று ஒத்திவைத்திருந்தோம். யாழ்ப்பாணத்துக்குத் திரும்பலாமே என்று சுலபமாகக் கேட்பவர்கள் உண்டு. துவாரகன் ஒருமுறை அப்படித் திரும்பிப் போய் இரண்டு வருடம் வேலை தேடி அலைந்துவிட்டு வந்தவர். அந்தப் பேச்சை எடுத்தாலே சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிடுவார்.

கனடாவிலிருந்து விண்ணப்பிக்க அழைப்பு வருவதற்கு எனக்குப் பத்துப் புள்ளி குறைந்தது. படிவத்தில் அந்தக் கேள்வி இருந்தது: கனடாவில் உங்களுக்குச் சகோதரரோ சகோதரியோ இருக்கிறார்களா? இருக்கிறார் என்று போட்டேன். ஏன் போடக் கூடாது? எனக்கு ஜெயசீலன் அண்ணா இருக்கிறார்.

பக்கத்தில் நின்ற மணிமாறன், சொந்த அண்ணனா அக்கா என்று கேட்டான். பின்னே வாடகை அண்ணனா என்று எரிந்து விழுந்தேன்.

ஜெயசீலன் அண்ணா என் பெரியப்பாவின் மகன். தொண்ணூற்றைந்து யாழ்ப்பாண இடப்பெயர்வில் பெரியப்பாவும் பெரியம்மாவும் ஷெல் பட்டு ஒரே இடத்தில் இறந்தார்கள். அப்போது அவருக்கு ஆறு வயது, எனக்கு மூன்று. என் அப்பா அவரைத் தோளிலும் என்னை இடுப்பிலும் வைத்துக்கொண்டு கிளிநொச்சிவரை நடந்தாராம். அதற்கு முந்தைய வாழ்க்கை எதுவும் எனக்கு நினைவில் இல்லை. ஆகவே அண்ணா இல்லாத ஒரு நாளும் எனக்கு நினைவில் இல்லை. நிவாரண அட்டையில் அப்பாவின் பெயருக்குக் கீழே மகன் ஜெயசீலன், மகள் கஜாலினி என்றுதான் கிராம அதிகாரியான விதானை எழுதினார். அவர் யாரையும் விசாரிக்கவில்லை. விசாரிக்க அதில் என்ன இருக்கிறது?

தமிழில் ஒன்றுவிட்ட அண்ணா என்று ஒரு சொல் இருப்பது எனக்குத் தெரியாமல் இல்லை. அது கலியாண வீடுகளில் தூரத்துச் சொந்தங்களை அறிமுகம் செய்கிறபோது பயன்படுகிற சொல். ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து கூட வந்த பிள்ளையிடம் அம்மாவின் காது கேட்க, இவர் என்ர ஒண்டுவிட்ட அண்ணா என்று சொல்லிவிட்டேன். அந்தப் பிள்ளை வாசலைத் தாண்டியதும் கன்னத்தில் ஒன்று விழுந்தது. எதை விட்டனி, எங்க விட்டனி என்று கேட்டுக் கேட்டு அம்மா அடித்தார். அதற்குப் பிறகு அந்தச் சொல்லை நான் வாயில் எடுத்ததில்லை.

படிவத்தில் கேள்விக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு விளக்கம் இருந்தது. இருவருக்கும் பொதுவான பெற்றோர் ஒருவராவது இருக்கவேண்டும் என்றது அது. படித்தேன், நன்றாகவே படித்தேன். எங்கள் இருவருக்கும் சோறு போட்டு, பள்ளிக்கூடம் அனுப்பி, காய்ச்சல் வந்தால் விழித்திருந்தவர்கள் என் அப்பாவும் அம்மாவும். இதைவிடப் பொதுவான பெற்றோரை நான் எங்கே போய்த் தேடுவது?

அழைப்பு வந்துவிட்டது. மணிமாறனுக்கு வரவில்லை, அவன் சில புள்ளிகளில் தவறிவிட்டான். ஆனாலும் அன்று பிரியாணி வாங்கி வந்து, உங்களுக்கு ஒரு அண்ணன் இருக்காரு, எனக்கு மூணு அக்கா இருந்தும் ஒண்ணுகூட விருதுநகர் மாவட்டத்தத் தாண்டலையே என்று புலம்பி எல்லோரையும் சிரிக்க வைத்தான். அவர்கள் கேட்ட பத்திரங்களையெல்லாம் அனுப்பினேன். என் பிறப்புச் சான்றிதழ், அண்ணாவின் பிறப்புச் சான்றிதழ், நிவாரண அட்டை. அண்ணாவின் சான்றிதழில் தகப்பன் பெயர் வேறு, தாய் பெயர் வேறு. மறைக்க நினைக்கிறவள் அதைத் தானாகவே அனுப்புவாளா என்று பிறகு எத்தனையோ பேரிடம் கேட்டேன். எல்லோரும் தலையை ஆட்டினார்கள்.

சில மாதம் கழித்துக் கடிதம் வந்தது. நீங்கள் சகோதரர் என்று குறிப்பிட்டவர் உங்கள் சகோதரர் அல்லர். அந்தத் தகவலால் உங்களுக்குப் புள்ளிகள் கிடைத்துள்ளன. இது பொய்த்தகவல் என்று முடிவானால் ஐந்து வருடம் விண்ணப்பிக்கத் தடை. விளக்கம் இருந்தால் அனுப்புங்கள். மரியாதையான கடிதம்தான், ஒரு கடுஞ்சொல் இல்லை. ஐந்து வருடம் கழித்து என் வயதுக்கு என்ன புள்ளி மிஞ்சும் என்று கணக்குப் போட நான் முனைவர் பட்டம் படித்திருக்க வேண்டியதில்லை. இந்தக் கதவு சாத்தினால் சாத்தினதுதான்.

மணிமாறன் கடிதத்தை இரண்டு முறை வாசித்தான். பிறகு வழக்கமான கேலி இல்லாமல் பேசினான்.

“அக்கா, எங்க ஊர்லயும் பெரியப்பா பையன் அண்ணன்தான். ஆனா வெள்ளக்காரன் ஃபார்ம்ல அவன் கசின். தப்பா போட்டுட்டோம், எங்க மொழியில அண்ணன்னுதான் சொல்லுவோம்னு நேரா எழுதிருங்க. மறைச்சிருந்தா சர்டிபிகேட்டையே அனுப்பியிருக்க மாட்டீங்க. அத நம்புவாங்க. உங்க அண்ணனையும் அதே மாதிரி ஒரு சத்தியக் கடிதம் எழுதச் சொல்லுங்க.”

அப்படித்தான் எழுதினோம். நல்ல கடிதம் அது. ஆய்வேட்டில்கூட நான் அவ்வளவு கவனமாக ஒரு பக்கம் எழுதியதில்லை. அந்தக் கடிதத்தில் ஒரே ஒரு வரியைத் தட்டச்சு செய்கிறபோதுதான் கை வரவில்லை: ஜெயசீலன் என் சகோதரர் அல்லர். என் கசின். மணிமாறன் என்னை நகரச் சொல்லிவிட்டு அந்த வரியைத் தானே அடித்தான்.

அண்ணா டொரொன்டோவில் பாண் சுடும் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை செய்கிறார். சண்டை முடிவதற்கு முந்திய வருடம் கொழும்பு வழியாகத் தப்பிப் போனவர். அகதி வழக்கு வென்று, அண்ணியைக் கலியாணம் செய்து, இரண்டு பிள்ளைகள். ஆங்கிலப் பரீட்சைக்குப் பயந்து பயந்தே வருடங்களைக் கடத்திவிட்டு இப்போதுதான் குடியுரிமைக்கு விண்ணப்பித்திருந்தார். அப்பா முள்ளிவாய்க்காலில் போனபோதும், பிறகு அம்மா போனபோதும் அவரால் வர முடியவில்லை. என்னைப் படிப்பித்தது அவர்தான்.

தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னேன். எனக்கு வந்த கடிதத்தின் படத்தையும் அனுப்பினேன். சத்தியக் கடிதத்தில் என்ன எழுதவேண்டும் என்பதை இரண்டு வரியில் சொன்னேன்: அவர் பெரியப்பாவின் மகன், இதை நாங்கள் ஒருபோதும் மறைக்கவில்லை. அண்ணா அதை இன்னொருமுறை சொல்லச் சொன்னார். பிறகு ஓம் என்றார். நீ யோசிக்காதை, நான் பாக்கிறன் என்றார்.

என் விளக்கத்தை அனுப்பிய மறுவாரம் அண்ணாவிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. நேராகவே குடிவரவு அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டு எனக்குப் பிரதி வைத்திருந்தார். முகவரி நான் அனுப்பிய படத்திலேயே இருந்ததாம். சத்தியம் வாங்கும் அதிகாரியைக் கொண்டே எழுதுவித்து, அவர் முன்னால் கையெழுத்திட்ட ஆங்கிலக் கடிதம். அதில் இருந்தது இதுதான்: கஜாலினி என் சொந்தச் சகோதரி. எங்கள் இருவருக்கும் ஒரே தந்தை, ஒரே தாய். இது உண்மை என்று சத்தியம் செய்கிறேன்.

நான் பேருந்தில் இருந்தேன். வாசித்துவிட்டுப் பக்கத்திலிருந்த பிலிப்பினோப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டேன் போலிருக்கிறது. அவள் தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள்.

அறைக்குப் போனதும் அண்ணாவை அழைத்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக அவரோடு சத்தம் போட்டேன். உங்களுக்கு விசரோ என்று கேட்டேன். நான் ஒன்று எழுதுகிறேன், நீங்கள் அதற்கு எதிராகச் சத்தியம் செய்கிறீர்கள், இப்போது நம் இருவரில் ஒருவர் பொய்யர், அவர்களுக்கு அது போதும் என்று கத்தினேன். மலையாளக்கார அக்கா கதவைத் தட்டி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். நான் ஓய்ந்ததும் அண்ணா சொன்னார்.

“என்ர அகதிக் கேசை விசாரிச்ச அண்டைக்குச் சகோதரங்கள் இருக்கோ எண்டு கேட்டவை. ஓம், ஒரு தங்கச்சி எண்டன். மொழிபெயர்க்க வந்த ஐயா, ஒரே தாய் வயித்துப் பிள்ளையோ எண்டு கேட்டார். இல்லை எண்டன். அப்ப ஒருத்தரும் இல்லை எண்டு சொல்லும் தம்பி, இல்லாட்டிக் கேஸ் குழம்பிப்போம் எண்டார். சொன்னன். அந்த நேரம் நீங்கள் ஆர் உயிரோட இருக்கிறியள், ஆர் இல்லை எண்டும் எனக்குத் தெரியாது கஜா. நீ முகாமில முள்ளுக்கம்பிக்குள்ள இருந்தனி. நான் இஞ்ச இருந்துகொண்டு எனக்கு ஒருத்தரும் இல்லை எண்டு சொன்னனான். ஒருக்காச் சொல்லிப்போட்டன். ரெண்டாந்தரமும் சத்தியம் பண்ணி அதைச் சொல்லு எண்டா, என்னால ஏலாது.”

அவர் மேல் வந்த கோபம் போகவில்லை. அது இன்றைக்கும் இருக்கிறது. ஆனால் அதை அவரிடம் காட்டுகிற உரிமை எனக்குப் போய்விட்டது.

அடுத்த கடிதம் எனக்கு வரவில்லை, அண்ணாவுக்குப் போனது. பழைய வழக்கில் உடன்பிறந்தவர் இல்லை என்று சொன்னவர் இப்போது இருக்கிறார் என்று சத்தியம் செய்கிறார். எது பொய் என்று கேட்டிருந்தார்கள். குடியுரிமை விண்ணப்பத்தை நிறுத்தி வைத்தார்கள். ஆங்கிலக் கடிதங்களையெல்லாம் வாசித்துப் பதில் போடுவது விஜி அண்ணிதான். அண்ணி ஒரு வழக்கறிஞரைப் பார்த்துவிட்டு, அண்ணா தூங்குகிற நேரமாகப் பார்த்து என்னை அழைத்தார். நலம் விசாரிக்கவில்லை.

“கஜா, நான் கேக்கிறது அநியாயம். எனக்கே தெரியுது. தெரிஞ்சு பொய்ச் சத்தியம் செய்தவர் எண்டா, இஞ்ச தங்கிறதுக்கு இருக்கிற கார்டையும் பறிச்சுத் திருப்பி அனுப்பலாமாம். ஆரும் சொல்லிக் குடுத்து, விளங்காமல் கையெழுத்து வைச்சவர் எண்டா விட்டுடுவினமாம். நீர்தான் அப்பிடிச் செய்யச் சொன்னனீர் எண்டு ஒரு கடிதம் தாரும். இவருக்குத் தெரிய வேண்டாம். தெரிஞ்சா விடமாட்டார்.”

என்ர விண்ணப்பம் என்று தொடங்கினேன். பின்னால் சின்னவன் எதற்கோ அழுதுகொண்டிருந்தான். அண்ணி அவனைச் சமாதானம் செய்யாமல் அப்படியே தொலைபேசியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அப்போது என் விளக்கத்துக்குப் பதில் வரவில்லை. மணிமாறன் ஒவ்வொரு நாளும், இன்னும் வரலேன்னா நல்லதுதான் அக்கா, யோசிக்கிறாங்கன்னு அர்த்தம் என்று தேற்றிக்கொண்டிருந்தான். எனக்கும் உள்ளுக்குள் ஒரு நம்பிக்கை இருந்தது. அண்ணாவின் கடிதத்தை ஒதுக்கிவிட்டு என் கடிதத்தை மட்டும் பார்க்கிற ஒரு அதிகாரி இருந்தால் போதும். அண்ணி கேட்டதை நான் எழுதிக் கொடுத்தால் அப்படி ஒரு அதிகாரி உலகத்தில் எங்கேயும் இருக்கப்போவதில்லை.

துவாரகனிடம் சொன்னேன். அவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் கட்டில் நுனியில் உட்கார்ந்து கேட்டார்.

“அவர் உம்மட சொந்த அண்ணன் இல்லை” என்றார்.

அலுவலகம் எழுதியதும் இதே வசனம்தான். ஆனால் என் வீட்டுக்குள்ளே, என் மொழியில், என் புருஷன் வாயிலிருந்து அதைக் கேட்டபோது உடம்பெல்லாம் பற்றியெரிந்தது. வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அவர், எங்களுக்கு ஆர் எழுதித் தருவினம் என்று மட்டும் கேட்டார். நியாயமான கேள்வி அது. பிறகு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் உள்ளேயே இருந்தார். மறுநாள் வேலை முடிந்து வருகிறபோது, பக்கத்து க்ரோசரியில் கேட்டு வாங்கிய வெறும் அட்டைப் பெட்டிகள் இரண்டு அவர் கையில் இருந்தன. அவற்றை அலமாரிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டுத் தேத்தண்ணி இருக்கோ என்று கேட்டார்.

நான் எழுதினேன். டைப்பிங் சென்டரில் கொடுத்து முத்திரை குத்தி வாங்கி அனுப்பினேன். என் கசின் ஜெயசீலனுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. இது வெறும் முறைமைக்கான காகிதம் என்று சொல்லி நான்தான் அவரை ஏமாற்றிக் கையெழுத்து வாங்கினேன். புள்ளிகளுக்காகவே அப்படிச் செய்தேன். இந்தமுறை எந்த வரியிலும் கை நிற்கவில்லை. மளமளவென்று வந்தது.

நிவாரண அட்டையை நம்பாதவர்கள், என் விளக்கத்தை நம்பாதவர்கள், இதை உடனே நம்பினார்கள். எந்தச் சான்றிதழும் கேட்கவில்லை.

எனக்கு ஐந்து வருடத் தடை என்று சுருக்கமாகப் பதில் வந்தது. மணிமாறனிடம் காட்டினேன். அவன் என் மேசையிலிருந்த மாதிரிக் குடுவைகளைத் தானே எடுத்துக்கொண்டு போய்க் கழுவ ஆரம்பித்தான். அடுத்த மாதம் ஆய்வேட்டைக் கொடுத்தேன். பேராசிரியர் கைகொடுத்து, முனைவர் கஜாலினி என்று கூப்பிட்டார். பட்டத்துக்கு உரிய புள்ளிகள் இனி முழுதாக எனக்கு உண்டு. விசா கேன்சல் ஆகிவிட்டது. கொழும்புக்கு டிக்கட் போட்டோம்.

புறப்பட நாலைந்து நாள் இருக்கும்போது அண்ணா அழைத்தார். வேலைக்குப் போகிற வழியில் பேசினார் போல, காற்று இரைந்தது. இவ்வளவு சந்தோஷமான குரலை அவரிடம் நான் கேட்டதில்லை. அவர் மேல் இருந்த விசாரணையை மூடிவிட்டார்களாம். குடியுரிமைச் சத்தியப் பிரமாணத்துக்குத் திகதி வந்துவிட்டதாம். கடிதத்தை விஜி வாசித்துச் சொன்னாளாம்.

“பாத்தியே பிள்ளை, அண்டைக்கு என்னைப் பேசினனியெல்லே. நான் செய்த சத்தியத்தை ஏத்துக்கொண்டிட்டாங்கள். நீ என்ர தங்கச்சிதான் எண்டு கனடா அரசாங்கமே ஒத்துக்கொண்டிட்டுது. இனி உன்ரையும் வந்திடும். எப்ப வரும் எண்டு ஏதும் சொன்னவையோ?”

துவாரகன் இரண்டாவது பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தார். சத்தம் தொலைபேசியில் கேட்டுவிடக் கூடாதென்று கைகாட்டி நிறுத்தச் சொன்னேன். அவர் டேப்பைக் கையில் பிடித்தபடியே நின்றார்.

“கெதியா வந்திடும் அண்ணா” என்றேன்.